வேலியில் விளையும் களா

சங்கங்களின் கடன் ஏடுகளைப் பார்வையிடுங்கால், கம்பி வேலிக்கென அங்கத்தினர் பெற்ற கடன்களைப் பல இடங்களில் காண்கிறோம். விளைநிலத்திற்கு வேலி அவசியமே. ஆயினும், கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்துவிடுகிறது; கடனோ வட்டியுடன் நிற்கிறது. நம் மண்ணுக்கே உரிய களாவை நம்மவர் வேலிக்கு நாடாதது ஏன்?

களா என்றும் பசுமை மாறாத முட்புதர். வறட்சியையும் சரளை நிலத்தையும் தாங்கும். நீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. கனிந்த பழத்தின் விதையைக் கழுவி உடனே நாற்றங்காலில் இடவேண்டும். நாள்பட்ட விதை முளைப்பது அரிது. மழைக்காலத்தில் 3 அடிக்கு ஒன்றாக நட்டு, முதல் 2 ஆண்டுகள் ஆடு மேயாமல் காத்தால், பின்னர் கால்நடை நுழையாத அரணாகும். மூன்றாம் ஆண்டளவில் காய்க்கவும் தொடங்கும். நிலமில்லாத நெசவாளர் குடும்பங்களும் வீட்டுக் கொல்லையில் இரண்டொரு செடி வைக்கலாம். ஊறுகாய்க்குக் காயும், குழந்தைகளுக்குப் பழமும் கிட்டும்.

'களாக்காய்க்கு விலை ஏது?' என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. எல்லா வேலிகளிலும் ஒரே பருவத்தில் பழுக்கும். பறித்த பழம் சில நாட்களுக்குமேல் நில்லாது. கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண், மாலையில் கேட்ட விலைக்குக் கொடுத்துத் திரும்புகிறாள். இது செடியின் குற்றமன்று. தனித்து விற்பதன் குற்றம். காயை உப்பிலிட்டால் மாதக்கணக்கில் கெடாது. பல வீட்டுக் காய்களைச் சங்கம் எடையிட்டு வாங்கி, உப்பிலிட்டு, ஊறுகாயாக்கி விற்குமானால், விலை கூறும் உரிமை நம்மிடம் வரும்.

ஒரு குறையை நாமும் ஒப்புக்கொள்ளவேண்டும். கம்பிக்குக் கடைக்காரரின் விலைச்சீட்டு உண்டு. ஆகவே பரிந்துரைத்தல் எளிது. நாற்றுக்கு அத்தகைய சீட்டு இல்லாமையால், அதனை ஒரு செலவினமாகவே நாம் கருதியதில்லை. இந்நிலை மாறவேண்டும். நிர்வாகக் குழுவினர் அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே பொது நாற்றங்கால் ஒன்று அமைத்து, அங்கத்தினர்க்கு அடக்க விலையில் நாற்று வழங்க முன்வருவார்களாக.

களாவினால் எவரும் செல்வந்தராகிவிடமாட்டார். ஆனால், கடனின்றி வேலியும், ஆண்டுதோறும் சிறு வருவாயும் கிட்டும். கிட்டாத பலாக்காயினும் கிட்டிய களாக்காய் மேல் என்பது நம் முன்னோர் கண்ட உண்மையன்றோ!