அறிவாளிகள் ஆண்டால் போதுமா?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தோட்டங்களிலும் குடியேற்றங்களிலும், "படித்தவர்களை அனுப்பினால்தான் நமக்கு விடிவு" என்ற பேச்சு எழுகிறது. இதில் உண்மை உண்டு. சட்டத்தை வாசித்து விளங்காதவர் நல்ல நீதிபதியாகவோ நல்ல பிரதிநிதியாகவோ இருக்க முடியாது. ஆனால் அறிவுக்கூர்மை மட்டும் போதுமா? நமது மலையக வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

1947இல் பதுளை மக்கள் இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததை நிரூபி என்றது. லயத்துக் காம்பிராவில் பிறந்தவருக்கு ஏது பத்திரம்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

அன்றைய தலைவர்கள் மூடர்களல்லர். கேம்பிரிட்ஜில் படித்த பெரும் வழக்கறிஞர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் முதற் சட்டத்தை எதிர்த்தார். அதே ஆண்டில் அமைச்சராகி, அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தை ஆதரித்தார். அவரைப் போலவே வழக்கறிஞரான எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதை எதிர்த்துக் கட்சியை விட்டுப் பிரிந்தார். இருவருக்கும் மூளையில் குறைவில்லை.

நீதிமன்றத்தில் நடந்தது என்ன? வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன்பிள்ளை என்பவர் வழக்காடினார். கேகாலையில் விசாரித்த அதிகாரி, அச்சட்டங்கள் செல்லா என்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டன் கோமறைக் கழகத்தின் சட்ட மேதைகளும் அவை செல்லும் என்றே தீர்த்தார்கள். பிரசை யார் என்று வரையறுப்பது பாராளுமன்றத்தின் உரிமை என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிசகில்லை, மக்களோ நாடற்றவர்களாகவே நின்றார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தத் துன்பம் நீடித்தது.

நம் ஊவாவில் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. ஆபத்தை நிபுணர்கள் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். அறிவு இருந்தது. அம்மக்களைத் தம் வீட்டாராக எண்ணி, மாற்றுக் காணி கொடுத்துக் குடியமர்த்தும் மனந்தான் இருக்கவில்லை.

சாலமோன் அரசர் இறைவனிடம் கேட்டது, மக்களுக்கு நீதி வழங்க ஏற்ற உள்ளம். அதன்பின் அவர்முன் வந்ததாக மறைநூல் கூறும் முதல் வழக்கு, ஆதரவற்ற இரு பெண்களுடையது.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம் பட்டத்தை மட்டும் விசாரிக்க வேண்டாம். "எங்கள் காணிப் பிரச்சினைக்காக எத்தனை முறை கச்சேரிப் படி ஏறினீர்கள்? பதவி போனாலும் எங்களோடு நிற்பீர்களா?" என்று கேட்போம். நம் பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைப்போம். யாருக்காகப் படிக்கிறார்கள் என்பதையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம்.