கிராமத்துப் பாடசாலைகளை மூடுமுன்...

நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளுள் 1,500 வரையானவற்றில் 50க்கும் குறைந்த மாணவர்களே கற்கின்றனர் என்று, கல்வி அமைச்சர் என்ற வகையில் பிரதமர் ஹரிணி அமரசூரிய 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருந்தார். இப்பாடசாலைகளை அருகிலுள்ளவற்றுடன் இணைப்பதா, மூடுவதா என்ற கேள்வியும் உடன் எழுந்தது. ஆசிரியர் வளத்தையும் திறைசேரியின் நிலையையும் கருதுவோருக்கு இக்கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆயினும், வன்னி மண்ணைப் பொறுத்தவரை இதனை வெறும் தலைக்கணக்காக மட்டும் பார்த்தல் தகாது என்பதே நமது கருத்தாகும்.

ஆனையிறவை எடுத்துக்கொள்வோம். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் பெருஞ்சமர்களைக் கண்ட நிலம் அது. தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், இயக்கச்சி முதலான சூழவுள்ள கிராமங்களின் மக்கள் ஒருமுறையல்ல, பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். இறுதி யுத்தத்தின்பின் வன்னி மக்கள் மெனிக் பாம் முகாமில் அடைபட்டனர். 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்படும் வரை பிள்ளைகள் பலரின் படிப்பு கூடாரங்களின் கீழேயே நடந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்ட பின்னரே பல குடும்பங்கள் தத்தம் காணிகளில் கால்பதிக்க முடிந்தது. ஏ9 வீதி செப்பனிடப்பட்டது. 2014இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் ஓடியது. உப்பளமும் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் வீதியும் தண்டவாளமும் ஊரைக் கடந்து செல்பவை. சிதறிய குடும்பங்களை ஒன்றுகூட்டிய இடம் பாடசாலை வளவுதான்.

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தவர் அறிவர். கூரையற்ற கட்டடத்தைச் சூழ்ந்த பற்றைகளைச் சிரமதானத்தின் மூலம் பெற்றோரே வெட்டித் துப்புரவாக்கினர். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறியோர் பாடசாலைக் கூட்டத்திலேயே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் முதன்முதலாக எழுந்து பேசிய பொது இடமும் அதுவாகவே இருந்தது. பாடசாலை உணவைச் சமைத்தவர்களும் அத்தாய்மாரே. சாதாரண தரப் பரீட்சை எழுதிய மூத்த மாணவர்கள் மாலைவேளைகளில் சிறுவர்களுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்தனர். இல்ல விளையாட்டுப் போட்டியே ஊரின் திருவிழாவாயிற்று. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்பின் அச்சம் சூழ்ந்த நாட்களில் பாடசாலை வாயிலில் முறைவைத்துக் காவல் நின்றவர்களும் பெற்றோரே.

இத்தகைய பாடசாலைகளில் மாணவர் தொகை ஏன் குறைகிறது? வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைகளைக் கிளிநொச்சி நகருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்புகின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத இடத்தில் எந்தத் தாய்தான் தன் பிள்ளையை விட்டுவைப்பாள்? ஆசிரியர்களுள் பலர் நாள்தோறும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவைக் கடந்து வந்து, பாடசாலை விட்டதும் பேருந்தைப் பிடிக்க விரைகின்றனர். தங்குவதற்கு விடுதியில்லை என்பது அவர்கள் தரப்பு நியாயம். ஆசிரியர் நிலைக்காததால் மாணவர் குறைகின்றனர். மாணவர் குறைந்ததால் ஆசிரியர் தரப்படுவதில்லை. 'அண்மையில் உள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று முன்னைய அரசொன்று திட்டம் வகுத்தது. அண்மையிலுள்ள பாடசாலையைச் சிறந்ததாக்காமல் அச்சுலோகத்தால் பெற்றோரைத் தடுத்துநிறுத்த முடியாது.

இதே வட்டத்தின் கொடுமையை வடக்கு முஸ்லிம்கள் நன்கறிவர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட அம்மக்களின் ஒரு தலைமுறை புத்தளத்திலேயே கல்வி கற்று வளர்ந்தது. யுத்தம் ஓய்ந்தபின் நாச்சிக்குடாவுக்கும் முல்லைத்தீவின் கிராமங்களுக்கும் திரும்ப எண்ணிய பெற்றோர் முதலில் கேட்டது பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றியே. மாணவர் வந்தால் பாடசாலையைச் சீரமைப்போம் என்கிறது நிர்வாகம். பாடசாலை சீரானால் வருவோம் என்கின்றனர் மக்கள். இந்த இழுபறியில் மீள்குடியேற்றமே தேங்கிப்போகிறது. வன்னியில் ஒரு சிறு பாடசாலையை மூடுவது, இன்னும் திரும்பாதோரிடம் "இனி வரவேண்டாம்" என்று கூறுவதற்கு ஒப்பாகும். தமிழர், முஸ்லிம்கள் இருசாராரும் இதில் ஒரே குரலில் பேசுதல் வேண்டும்.

பெற்றோருக்குரிய இடம் பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் பலவிடங்களில் பணஞ்சேர்க்கும் அமைப்பாகவே கருதப்படுகின்றன. தலைவராக அதிபரே இருப்பார். பெற்றோர் நிதியும் உடலுழைப்பும் வழங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வர் என்ற நடைமுறை மாறவேண்டும். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எப்பிள்ளை ஏன் வரவில்லை என்பவற்றை அச்சங்கம் ஆராய்ந்து வலயக் கல்விப் பணிமனையிடம் பதில் கேட்க வேண்டும். புலம்பெயர்ந்தோரின் பழைய மாணவர் சங்கங்களும் நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு மண்டபம் கட்டியது போதும்; கிராமத்தில் ஓர் ஆசிரியர் விடுதியைக் கட்ட முன்வரட்டும்.

சில பாடசாலைகளை இணைப்பது தவிர்க்கமுடியாததாக இருக்கலாம். அவ்வாறாயின் அம்முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டுக் கடிதம் மூலம் அறிவிக்கப்படுவதாக இருத்தல் கூடாது. முதலில் அக்கிராமத்துப் பெற்றோரைக் கூட்டி அவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். வெற்றிடங்களை நிரப்பி, சில ஆண்டுகள் அவகாசம் வழங்கிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் மூடுவதாயின், புதிய பாடசாலைக்கான போக்குவரத்தை உறுதிசெய்த பின்னரே பூட்டுப் போடவேண்டும். மாகாணக் கல்வித் திணைக்களமும் மக்கள் பிரதிநிதிகளும் இதனை வலியுறுத்தத் தவறுவார்களாயின், மக்கள் தம் கைகளால் பற்றைவெட்டி மீட்டெடுத்த ஊர்கள் மீண்டும் பற்றைமண்டிப் போவதைக் காணும் நிலையே ஏற்படும்.