பல்லைப் பிடுங்கிடலாமா பாஸ்?

காஞ்சிபுரத்துக்காரங்க வசதிக்குன்னே ஒரு பல் டெஸ்ட் இருக்கு. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில ஒரு விள்ளல் எடுத்து மெல்லுங்க. அதுல இருக்கற மிளகு கரெக்டா கடைவாய்ப் பல்லோட குழியில போய் உட்கார்ந்து, உச்சந்தலை வரைக்கும் 'சுரீர்'னு ஏறிச்சுன்னா... வாழ்த்துகள், உங்களுக்குச் சொத்தைப் பல்!

அதுக்கப்புறம் நாம என்ன பண்றோம்? அந்தப் பக்கம் மெல்லறதை விட்டுட்டு இந்தப் பக்கத்துக்கு மாறிடறோம். செமஸ்டர் முடியட்டும், தறியில இருக்கற சேலை இறங்கட்டும், அப்பா கையில கூலி வரட்டும்னு நாளைத் தள்ளறோம். பாவுல ஒத்தை இழை அறுந்தாக்கூட அப்பா தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். பல்லுக்கு மட்டும் ஏன் பாஸ் இந்த வாய்தா?

ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எழுப்பும். மெடிக்கல் ஷாப் மாத்திரை ஒண்ணு. மறுநாள் இன்னொண்ணு. ஒருநாள் பார்த்தா வலி சுத்தமா நின்னுபோயிருக்கும். 'சரியாயிடுச்சு மச்சி'ன்னு ஃபிரெண்ட்ஸுக்கு டீ வாங்கிக் கொடுப்பீங்க. ஆனா பல பேருக்கு அது நல்ல சேதியே இல்லை. பல்லுக்கு நடுவுல நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கற சதை இருக்கு, 'பல்ப்'னு சொல்வாங்க. கிருமி அங்க வரைக்கும் போய் அந்தச் சதை செத்துட்டா, வலியைச் சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான். கிருமி மட்டும் சத்தமில்லாம வேர் நுனி வழியா எலும்புக்கு இறங்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் பரீட்சை ஹாலுக்கு வீங்கின கன்னத்தோட போவீங்க. ஆன்டிபயாடிக் போட்டா வீக்கம் அடங்கலாம். ஆனா செத்த சதைக்கு ரத்த ஓட்டமே கிடையாது. மருந்து எப்படி உள்ளே போகும்? அதைச் சுத்தம் பண்ணி எடுக்கற வேலைக்குத்தான் ரூட் கெனால்னு பேரு. தமிழ்ல வேர் சிகிச்சை.

ஐஸ் தண்ணி குடிச்சா ஒரு செகண்ட் கூசி நின்னுடுதா? பெரும்பாலும் ஒரு ஃபில்லிங்கோட தப்பிச்சுடலாம். சூடா காபி குடிச்சு ரொம்ப நேரம் கழிச்சும் விண் விண்ணுனு தெறிக்குது, படுத்தா அதிகமாகுதுன்னா, ரூட் கெனால்தான் வேணும்னு டாக்டர் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கு.

சரி, அந்த நாற்காலியில என்ன நடக்கும்? முதல்ல எக்ஸ்ரே. அடுத்து மரத்துப்போக ஊசி. உண்மையைச் சொல்லணும்னா, நிறைய பேருக்கு மொத்தத்துலயும் வலிக்கற கட்டம் அந்த ஊசிதான். ரொம்பப் பழுத்துப்போன பல்லு சில சமயம் லேசுல மரக்காது. வலிச்சா இடது கையைத் தூக்கறேன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம் மருந்து போடுவாங்க. பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கறதுக்கு அங்க மெடல் கிடையாது (பல்லைக் கடிக்கவும் முடியாது!).

அப்புறம் மேல ஒரு சின்ன ஓட்டை. அது வழியா ஃபைல்னு மெல்லிசான கம்பிகள் இறங்கும். 10-ஆம் நம்பர் ஃபைலோட நுனி 0.1 மில்லிமீட்டர்தான். பட்டு இழையைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு அந்த மெல்லிசைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பல்லுன்னா வழக்கமா ஒரு கால்வாய், கடைவாய்ப் பல்லுன்னா மூணோ நாலோ. அதனாலதான் நேரம் பிடிக்குது. ப்ளீச் வாசனையில ஒரு மருந்தை விட்டு அலசுவாங்க. கடைசியா காலியான கால்வாயை அடைக்கறது கட்டா-பெர்ச்சா, ஒரு மலேயா மரத்துப் பால். 19-ஆம் நூற்றாண்டுல கடலுக்கு அடியில போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையா இருந்ததும் இதே சரக்குதான்!

க்ளினிக்ல ஒரு கிராம்பு வாசனை வரும், கவனிச்சிருக்கீங்களா? தற்காலிகமா அடைக்கற சிமென்ட்ல கலக்கற யூஜினால்தான் அது. பாட்டி வைக்கச் சொன்ன கிராம்புல இருக்கறதும் அதேதான். பாட்டி தப்பா சொல்லலை, ஆனா அது வலியை மட்டும்தான் கொஞ்சம் அடக்கும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊத்தினா ஈறு வெந்துடும், ஜாக்கிரதை.

வெளியே வந்ததும் ரெண்டு மூணு மணி நேரம் உதடு உங்களோடது மாதிரியே இருக்காது. மரத்த உதட்டைக் கடிச்சுக் குதறிக்காம இருக்க, அதுவரைக்கும் எதையும் மெல்லாதீங்க. ஒரு சில நாள் கடிச்சா லேசா வலிக்கும், அது சகஜம். முகம் வீங்குது, காய்ச்சல் அடிக்குது, வாயைத் திறக்கவோ முழுங்கவோ முடியலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மூச்சு விடக் கஷ்டமா இருந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது.

இப்ப காசு விஷயம். பிடுங்கறதுக்கு ஆகற செலவு கம்மி, அதான் வீட்ல 'பிடுங்கிடு'ன்னு சொல்றாங்க. காப்பாத்தவே முடியாத பல்லுக்கும், தொல்லை பண்ற கடைசி ஞானப் பல்லுக்கும் அது சரி. 20 வயசுல மெல்லற பல்லைப் பிடுங்கினா, பக்கத்துப் பல்லு மெதுவா காலி இடத்துல சாயலாம், எதிர்ப் பல்லு நீண்டு வரலாம். பின்னாடி அங்க ஒரு பல்லு கட்ட ஆகற செலவு, இன்னைக்கு மிச்சம் பிடிச்சதைப் பல மடங்கு முழுங்கிடும்.

தனியார் க்ளினிக்னா சில ஆயிரம் ஆகும். 'கேப்போட சேர்த்து மொத்தம் எவ்வளவு?'ன்னு முதல் நாளே கேளுங்க. கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் போட்டே ஆகணும். வலி போயிடுச்சேன்னு அதைப் போடாம விடற ஆளுங்கதான் ஆறு மாசம் கழிச்சு முறுக்கு கடிச்சு, பிளந்த பல்லோட திரும்ப வருவாங்க.

அவ்வளவு பணம் இல்லையா? வேலப்பன்சாவடி, மதுரவாயல் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. அங்கெல்லாம் ஆசிரியர் மேற்பார்வையில மாணவர்கள் செய்வாங்க. செலவு பொதுவா க்ளினிக்கை விடக் குறைவு, ஆனா உட்கார்ற நேரம் ஜாஸ்தி. இன்னொரு வழி, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியோட ஒரு பிரிவா ஆரம்பிச்சது. திருமால்பூர்ல இருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியா பீச் போற ரயில்ல ஏறினா, பீச்சுக்கு முந்தின ஸ்டேஷன் கோட்டை, இறங்கினா பக்கத்துலதான். ஓ.பி. சீட்டு காலையில போடறது, அதனால முதல் ரயிலைப் பிடிங்க. பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டுப் போங்க. என்ன மாத்திரை போட்டீங்கன்னு அந்த அட்டையையும் சேர்த்து.