கொங்கு நாட்டில் தொழிற்பிரெஞ்சு

கோயமுத்தூரிலே பத்தாம் வகுப்பைக் கடந்து மேனிலை வகுப்பிற் புகும் பிள்ளை ஒன்றை நோக்கி, "நீ பிரெஞ்சு மொழியை எடுத்ததன் காரணம் யாது?" என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "தமிழில் வாராத மதிப்பெண் அதில் வரும்." 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாய் நடைமுறைக்கு வந்து, பத்தாம் வகுப்பு வரையில் தமிழைப் பாடமாக நிறுத்த முற்பட்டது. அவ்வெல்லையைத் தாண்டிய மறுநாளே பலர் பிரெஞ்சுக்குத் தாவுகின்றனர். பொறியியற் கல்லூரியிற் சேர்வதற்குக் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றின் மதிப்பெண்ணே எண்ணப்படுமாதலின், மொழிப்பாடம் மொத்தத் தொகையை அழகு செய்யும் அணியாகவே கருதப்படுகின்றது. இரண்டாண்டு கற்று மிக்க மதிப்பெண்ணும் பெற்ற பின்னர், பிரெஞ்சுக்காரர் ஒருவர் எதிர்ப்பட்டு வழி கேட்பின் வாய் திறவாது நிற்கும் இளைஞரை யாம் கண்டிருக்கின்றோம். இது பிள்ளைகளின் குற்றமென்று கூறோம். வாய் திறக்கும்படி அவரை ஒருவரும் கேட்டிலர்.

இம்மொழியைத் தொழிலுக்குரிய மொழியாகக் கற்பித்தல் வேண்டும் என்பதும், அதனை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நிறுத்தாது, 1978 இல் ப்ளஸ் டூ முறையோடு தோன்றிய தொழிற்கல்விப் பிரிவின் பிள்ளைகளுக்கும் அளித்தல் வேண்டும் என்பதும் எமது கருத்து. இதனைச் சொன்ன அளவிலே, "ஆங்கிலத்திலேயே இடறி விழும் பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு மொழியா?" என்று உபாத்தியாயர் சிலர் நகைப்பர். ஒரே வகுப்பில் ஆறாம் வகுப்பு முதல் பிரெஞ்சு பயின்ற பெண்ணும், சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர் மகனும் அமர்ந்திருந்தால் யாருக்கு ஏற்பப் பாடம் நடத்துவது என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. எனினும் அத்தறிக்காரர் மகன் வெறுங்கையோடு வந்தவன் அல்லன்.

ஆங்கிலத்தில் எவரையும் ஒரே சொல்லால் முன்னிலைப்படுத்தலாம். பிரெஞ்சிலோ, நெருங்கியவர்க்கு ஒரு சொல், மதிப்பிற்குரியவர்க்கு மற்றொரு சொல். ஆங்கிலேயச் சிறுவர் இவ்வேறுபாட்டை உணரப் பெரிதும் வருந்துவர். "ஆமாங்க", "இல்லீங்க" என்று சொல்லுக்குச் சொல் மரியாதையை ஒட்டிப் பேசும் கொங்குநாட்டுப் பிள்ளைக்கோ அது அரை நாழிகைப் பாடம். பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களும் அவ்வாறே. பேச்சு வழக்கில் "மரம்" என்றோ "வந்தான்" என்றோ நாம் சொல்லும்போது இறுதி மெய்யை முற்றக் கூறாது மூக்கிலே கரைத்து விடுகின்றோம். அவ்வொலியே அங்கும் வேண்டப்படுவது. எண்ணுப் பெயர்கள்தாம் விந்தையானவை. எழுபதை "அறுபது பத்து" என்றும், எண்பதை "நாலு இருபது" என்றும், தொண்ணூறை "நாலு இருபது பத்து" என்றும் அவர்கள் வழங்குவர். இதைக் கேட்டு முதல் வரிசை மாணவி விழிக்க, தந்தையின் கடையிலே கணக்குப் பார்த்துப் பழகிய கடைசி வரிசைப் பையன் புன்னகையோடு விடை கூறியதை ஒரு வகுப்பிலே கண்டோம். அவன் எழுத்துப் பிழை மிகுதியாகச் செய்பவன். ஆனால் பிரெஞ்சில் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாத எழுத்துக்கள் அத்துணைப் பல; அம்மொழியை எழுத்திலிருந்து தொடங்குவதே அவனுக்கு இழைக்கும் அநீதி.

தொழிலின் சொற்களோ ஏற்கெனவே நம் ஊருக்கு வந்து குடியேறிவிட்டன. நம் தாய்மார் உடுத்தும் வாயில் புடவையின் பெயர், திரை அல்லது முக்காடு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே. ஷிஃபான் என்பது அவர்கள் மொழியிற் கந்தல்துணி! (மணமகளுக்கு ஷிஃபான் எடுப்போர் இதனை அறியாதிருத்தல் நலம்.) திருப்பூரில் காலர் வைத்த பனியன் சட்டைக்குப் பின்னும் பிக்கே துணியும் அங்கிருந்து பெயர் பெற்றதே. சமையற் பயிற்சி பெறும் பிள்ளையோ, காய்கறியைத் தீக்குச்சி போல மெல்லியதாய் அரிவதை ஜூலியென் என்றும், அடுப்பு மூட்டுமுன் யாவற்றையும் அதனதன் இடத்தில் ஒழுங்கு செய்வதை மீஸான்பிளாஸ் என்றும் நாள்தோறும் கேட்கிறான். பொருளறியாமல் உருப்போடும் இச்சொற்களைப் பொருளோடு உச்சரிக்கக் கற்பித்தால் பாடத்தின் முதற்பாதி முடிந்தது.

இனி, ஏற்றத்தாழ்வான வகுப்பை நடத்தும் முறை. கெட்டிக்காரர் ஒரு பக்கம், மந்தமானவர் மறுபக்கம் என்று பிரித்தலை யாம் ஒப்புக்கொள்ளோம். பிரித்த அன்றே பின்னவர் கற்பதை விட்டுவிடுவர். வேலை ஒன்றாயிருக்கட்டும், ஆழம் வேறுபடட்டும். பிரான்சு தேசத்தில் 1994 ஆம் ஆண்டின் சட்டப்படி, அங்கே விற்கப்படும் பண்டத்தின் விவரங்கள் பிரெஞ்சு மொழியில் இருந்தே ஆகவேண்டும். எனவே திருப்பூரிலிருந்து அங்கே செல்லும் சட்டையின் கழுத்துப்பட்டியிலே உள்ள சிறு துணிச்சீட்டு ஒரு முழுப் பாடமாகும். ஒருவன் பருத்தி இத்தனை பங்கு என்று வாசிக்கட்டும். மற்றொருவன் எத்தனை சூட்டில் துவைப்பது என்று வாய்மொழியாய்க் கூறட்டும். மேம்பட்டவள், சாயம் போயிற்று என்று முறையிடும் வாடிக்கைக்காரருக்கு மறுமொழிக் கடிதம் வரையட்டும். மூவரும் ஒரே சட்டையைச் சுற்றி நிற்பதால், முதல்வன் மூன்றாமவளின் கடிதத்தையும் காதால் கேட்டுக்கொள்வான்.

பரீட்சை மாறாதவரை இவை யாவும் வீண். பிரெஞ்சு அரசினர் நடத்தும் டெல்ஃப் பரீட்சையின் முதற்படியில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிற்கும் தலைக்கு 25 மதிப்பெண். 50 பெற்றால் தேர்ச்சி. ஆயின் எதிலும் 5 க்குக் குறைதல் ஆகாது. பேசாதவன் தேறான். நம் பொதுத்தேர்விலோ பெரும்பகுதியும் பேனாவிற்கே உரியது. குறைந்தது கால் பங்கையேனும் நாவிற்கு ஒதுக்குமாறு கல்வித்துறையாரை வேண்டுகின்றோம்.

தமிழன்பர் சிலர், "தமிழை விட்டோடுவோர்க்கு நீவிர் புதிய வழி திறக்கின்றீர்" என்று வருந்தக்கூடும். யாம் கேட்பது தமிழின் இடத்தை அன்று. தொழிற்பாடத்தின் நேரத்தில் வாரம் மூன்று மணியே. 1842 இல் இந்தியாவிற்கு வந்து, 1846 இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்ற மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை முதலிய பிரெஞ்சுக் குருமார், தம் பணிக்கு வேண்டியதென்று இந்நாட்டுத் தமிழைக் கற்றனர். தம் மொழியை அதன்பொருட்டு மறந்தாரில்லை. அவர்க்கு அன்று மதிப்பெண் இடுவோர் எவருமிலர். எதிரே நின்ற கொங்குநாட்டு உழவனுக்குச் சொன்னது விளங்கிற்றா என்பதே பரீட்சையாயிருந்தது.