கரண்ட் தின்னும் கார்டு

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர். மாடி மாடியாய்க் கணினிக் கடைகள். 2021-இல் 'கிராபிக்ஸ் கார்டு' கிடைப்பதே குதிரைக்கொம்பாயிருந்தது. ஈத்தர் என்னும் இணைய நாணயத்துக்காக அவை இரவுபகலாய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

விவரம் தெரிந்தவர்கள் கார்டை முழு வேகத்தில் விரட்டவில்லை. அந்தக் கணக்குக்கு முக்கியம் கார்டின் நினைவக வேகம். அதைக் கூட்டி, நடுச் சில்லின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்தார்கள். 220 வாட் இழுக்கும் என்விடியா 3070 கார்டுக்கு ஏறக்குறைய 120 வாட் போதுமென்றாயிற்று. நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட் மிச்சம். யூனிட் 30 காசென்றால் மாதம் 21 வெள்ளிக்கு மேல்! அழுத்தத்தை மட்டுமீறிக் குறைத்தாலோ கணினி அப்படியே நின்றுவிடும். பால் வெட்டுகிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கத்தி மேலோட்டமாய்ப் போனால் பால் இல்லை; ஆழப் போனால் பட்டை காயம்.

2022 செப்டம்பர் 15-இல் ஈத்தர் இந்த முறையையே கைவிட்டது. கார்டுகள் பழைய சாமானாய் விற்பனைக்கு வந்தன. சிங்கப்பூரில் இருக்கும் மகன், "மலிவாய்க் கிடைக்கிறது, வாங்கி ஓட்டினால் காசு கொட்டும்" என்று பணம் கேட்டால், மாதம் கரண்ட் பில் எவ்வளவு வருமென்று முதலில் கேளுங்கள் அம்மா! படிப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் பார்த்தபின் காசைக் கொடுக்கச் சொல்லுங்கள்.