புதியது என்று சொல்வதற்கு முன்

மலையேரிகளில் உப்பை விரும்பும் புதிய பாக்டீரியா கண்டறியப்பட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. அப்படியொன்றை வாசித்த மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார்: "உஸ்தாத், அது அங்கே முன்பிருந்தே வாழ்கிறதே, அதைப் புதியது என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

"அல்லாஹ்வின் படைப்பில் அது புதிதன்று, நம் அறிவுக்கே புதிது" என்றோம். அத்துடன் நிறுத்தியிருந்தால் பாதி விடைதான் கூறியிருப்போம்.

லடாக்கின் ட்சோ கார் ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கரையெங்கும் உப்பு வெண்மையாகப் படிந்திருக்கும். சாங்பா மேய்ப்பர்கள் அதை அள்ளிச் சென்று பண்டமாற்றுச் செய்துவந்தனர். மெல்லிய காற்று, கடும் புற ஊதாக் கதிர், உறையவைக்கும் குளிர், இவற்றோடு உயிரணுவின் நீரை உறிஞ்சிவிடும் உப்பு. இத்தகைய ஏரிகளிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சில பொட்டாசியத்தை உள்ளே நிறைத்து ஈடுகொடுக்கின்றன. சில எக்டோயின் போன்ற பொருள்களைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. (உப்பிட்ட மீன் சில வேளை சிவந்துபோவதை நம் கடலோர வீடுகளில் பார்த்திருப்பீர்கள், அதுவும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் வேலையே.)

ஏரிச் சேற்றை உப்பு கலந்த ஊடகத்தில் இட்டு, வளர்வதை மீண்டும் மீண்டும் பிரித்துத் தூய்மையாக்குவார்கள். பின்னர் 16எஸ் என்னும் மரபணுவை, அறியப்பட்ட இனங்களின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது புதிய இனமாக இருக்கக்கூடும். கூடும், அவ்வளவே. அதைவிட மிகுதியாக ஒத்திருந்தும் வேறு இனமாக இருப்பதுண்டு. ஆகவே முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். அங்கே எல்லைக்கோடு 95 முதல் 96 விழுக்காடு. எவ்வளவு உப்பில், எந்த வெப்பத்தில் வளர்கிறது, அதன் கொழுப்பு அமிலங்கள் எவை என்பனவும் சோதிக்கப்படும். இறுதியாக, உயிருள்ள மாதிரியை இரு வேறு நாடுகளின் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சண்டிகரில் அத்தகைய காப்பகம் ஒன்று உள்ளது. ஐயமுற்றவர் எவரும் அதைப் பெற்றுத் தாமே சோதிக்கலாம்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இந்தக் கவனம் அந்நியமானதன்று. பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருக்கும் அறிவிப்பாளர்களைப் பிரித்தறியவே கதீப் அல்பக்தாதி 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்னும் நூலை எழுதினார். தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டை ஒன்றெனக் கருதிவிடாமலிருக்க அவர்கள் ஆயுளைச் செலவிட்டார்கள்.

நாமோ அறிவியல் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வந்ததும் வசனம் ஒன்றை அதனோடு ஒட்டி, "அன்றே சொல்லப்பட்டது" என்று உறவினர் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். செய்தி சரியா, வசனத்தின் பொருள் அதுதானா என எதையும் பார்ப்பதில்லை. நாளை அந்த ஆய்வு திருத்தப்பட்டால் பிள்ளைகளின் உள்ளத்தில் ஐயம் எழுவது ஆய்வைப் பற்றியா, வசனத்தைப் பற்றியா? இந்த அச்சம் நமக்கு உண்டு.

அந்த மாணவர் மறுவாரம் வேறொரு கேள்வியோடு வந்தார்: காப்பகத்தில் உள்ள மாதிரி இறந்துவிட்டால் என்ன செய்வார்கள்? உறைநிலையில் பல பிரதிகளை வைத்திருப்பார்கள் என்றோம். இரண்டு நாடுகள் என்ற விதியின் பயன் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.