சிப்பி தின்றால் ஆபத்தா? கல்பாக்கம் கடலும் விருத்தாசலம் மீன் கடையும்!

விருத்தாசலம்—

பீங்கான் ஊருக்குக் கடல் கிடையாது. ஆனாலும் கடலூர், பரங்கிப்பேட்டை சரக்கு இல்லாமல் இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியாது. "கல்பாக்கத்துத் தண்ணி கடல்லதானே விழுது! இறால், மட்டி வாங்கலாமா, வேணாமா?" — இந்தக் கேள்வி என்றைக்கு வேண்டுமானாலும் கடை வாசலில் கேட்கலாம்.

சிப்பிதான் சாட்சி!

மீன் நீந்தி ஓடிவிடும். சிப்பி ஓடாது. ஒட்டிய பாறையிலேயே கிடந்து, கடல் தண்ணீரை லிட்டர் கணக்கில் வடிகட்டி இரை தின்னும். தண்ணீரில் கலந்தது அதன் உடம்பிலும் ஏறும். சிப்பியைச் சோதித்தால் கடலின் லட்சணம் தெரியும் என்று 1975-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு கோல்ட்பர்க் யோசனை சொன்னதும் இதனால்தான். கல்பாக்கம் உலைக்குக் கடல்நீர் வரும் சுரங்கத்திலேயே பச்சைச் சிப்பி மண்டி, குளோரின் போட்டு விரட்ட வேண்டியதாயிற்று!

எது சேரும்? எது சேராது?

கல்பாக்கம் மின் நிலையத்தின் முதல் உலை 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக உற்பத்திக்கு வந்தன. முதல் உலை 2018 முதல் ஓடவில்லை. இரண்டும் கனநீர் உலைகள். இவற்றின் கழிவுநீரில் முக்கியமானது டிரிட்டியம். 12 வருடத்தில் பாதியாகிவிடும். தண்ணீரோடு தண்ணீராக உடம்பில் புகுந்து பெரும்பாலும் வெளியேறிவிடும்.

எல்லாமே அப்படி அல்ல. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையிலிருந்து 1994-க்குப் பிறகு டெக்னீசியம்-99 கடலில் அதிகம் கலந்தது. சிங்க இறாலில் அது ஏறிவிட்டது. பாதியாகக் குறையவே 2 லட்சம் வருடம்! நார்வேயும் அயர்லாந்தும் சத்தம் போட்ட பிறகே குறைத்தார்கள். கல்பாக்கத்திலும் மறுசுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆகவே டிரிட்டியம் கணக்கோடு விசாரணை முடியாது.

இன்னொரு சங்கதி. சிப்பியில் இயற்கையாகவே பொலோனியம்-210 சேர்கிறது. அதற்கும் உலைக்கும் சம்பந்தமில்லை. பீங்கான் பூச்சுக்குச் சேர்க்கும் ஜிர்கானிலும் கொஞ்சம் யுரேனியம், தோரியம் உண்டே! கருவி 'கதிர்' என்று காட்டியதும் அலறினால் ஆகாது. எந்தக் கதிர், எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

வதந்தியால் படுத்த வியாபாரம்

பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. கல்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் அதற்கு வெகு கீழே என்கிறார்கள் அதிகாரிகள். மீனையும் சிப்பியையும் சோதிப்பது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுக்கூடம். உலையை நடத்துவதும் அதே அணுசக்தித் துறையின் நிறுவனம்தான். தானே பரீட்சை எழுதி, தானே மார்க் போட்டால் ஊர் நம்புமா?

நம்பிக்கை போனால் அடி விழுவது கூடைக்காரியின் வயிற்றில். 2004 சுனாமிக்குப் பிறகு, பிணம் தின்ற மீன் என்ற பேச்சில் ஜனங்கள் மீனைத் தொடவில்லை. படகு போனவனுக்கு வியாபாரமும் போயிற்று. 2023-ல் புகுஷிமா தண்ணீர் கடலில் விட ஆரம்பித்ததும் ஜப்பான் கடல் சரக்குக்குச் சீனா கதவைச் சாத்தியது.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அதுவும் இதே மாவட்டம்தான். அதே சிப்பியில் பாதியை அங்கேயும் கொடுத்துச் சோதிக்கட்டும். இரண்டு கணக்கையும் தமிழில் அச்சடித்து மீன் மார்க்கெட் தூணில் ஒட்டட்டும். எடைக்கல்லைச் சோதிக்க ஆள் வரும்போது, இதற்கு வரக்கூடாதா?